முதல் ஸ்பிரிண்ட் டிரையத்லான்: அடுத்ததற்கு மிச்சம் வைத்து நீந்துவது

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் மலைக்க வைக்கிற தூரம் இல்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் விடியற்காலையில் ஓடுகிறவர்களுக்கு 5 கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. மூன்றையும் நடுவில் உட்காராமல், ஈர உடையோடு, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யச் சொல்லும்போதுதான் விஷயம் வேறாகிறது. இதற்குப் பெயர் ஸ்பிரிண்ட் டிரையத்லான். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட டிரையத்லானின் தூரம் இதைப் போல இரண்டு மடங்கு. பெயரில் ஸ்பிரிண்ட் இருக்கிறதே என்று பதற வேண்டாம். முதல் முறை செய்கிறவர்கள் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்வது சகஜம்.

எனக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. சென்னையில் கணக்கு வழக்கு பார்க்கிற வேலை, பள்ளிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள். ஓட்டம் மட்டும் சில வருடங்களாகப் பழக்கம். சைக்கிள் பள்ளி நாட்களோடு நின்றுபோனது. நீச்சல் சுத்தமாகத் தெரியாது. இந்த நிலையில் தொடங்கி ஒரு போட்டியை முடித்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: நீச்சல் நன்றாகப் போனதா என்பதை சைக்கிளில் ஏறிய பிறகுதான் சொல்ல முடியும். சைக்கிள் நன்றாகப் போனதா என்பது ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரியும். பயிற்சியில் எதைச் செய்யலாம், எதை விடலாம் என்று குழம்பிய போதெல்லாம் இதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

முதலில் நீச்சல். வளர்ந்த பிறகு கற்றுக்கொள்கிறவர்கள் முக்கால்வாசி உழைப்பை இங்கேதான் கொட்ட வேண்டியிருக்கும். வீட்டுப் பக்கத்தில் 25 மீட்டர் குளம் ஒன்று, காலையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி நேரம். என்னோடு சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் சீக்கிரமே மிதந்துவிட்டார்கள். நான் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன். 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிற நெஞ்சுக்கு 25 மீட்டரில் என்ன வந்தது என்று புரியவில்லை.

மாஸ்டர் ஒரு நாள் என்னை நீந்தவே விடாமல் சுவரோரம் நிறுத்தினார். "மேடம், மூச்சு எடுக்கிறதெல்லாம் சரியாத்தான் எடுக்கிறீங்க. விடத்தான் மாட்டேங்கிறீங்க. தலை உள்ள போனதும் பபிள்ஸ் வரணும். உங்களுக்கு ஒண்ணுமே வரலை பாருங்க."

முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சை அடக்கிக்கொள்வது எல்லோருக்கும் தானாக வருகிற பழக்கம். அப்போது நெஞ்சு முட்டுவது ஆக்ஸிஜன் தீர்ந்துபோனதால் அல்ல, வெளியே போகாத கார்பன் டை ஆக்ஸைடு உள்ளே சேர்வதால். அடக்கி வைத்தவர், தலையைத் திருப்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் பழைய காற்றை விடவும் வேண்டும், புதிய காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டும் அரைகுறையாகத்தான் நடக்கும். நாலைந்து முறை இப்படி ஆனதும் படபடப்பு வந்துவிடுகிறது. அதற்கு மாஸ்டர் கொடுத்த பயிற்சி மிகச் சாதாரணம்: கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கி, 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே மூக்கு வழியாக விட வேண்டும். முனகினால் காற்றை அடக்க முடியாது, அவ்வளவுதான் சூட்சுமம். பிறகு பலகையைப் பிடித்துக் கால் மட்டும் அடித்துக்கொண்டு அதே முனகல். பிறகுதான் முழு ஃப்ரீஸ்டைல். குளத்தில் முனகிக்கொண்டு நீந்துகிற ஆன்ட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். பரவாயில்லை.

தண்ணீரில் இன்னும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, பார்வை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நீந்தினால் தலை தூக்கும், இடுப்பும் காலும் கீழே போகும். குளத்தின் தரையைப் பார்த்தால் இடுப்பு தானாக மேலே வரும். இரண்டாவது, கால். ஓடிப் பழகியவர்களுக்குக் கணுக்கால் இறுக்கமாக இருக்கும். எவ்வளவு உதைத்தாலும் முன்னால் போகாது. உடம்பில் பெரிய தசைகள் இருப்பது தொடையில்தான், அதிக மூச்சைத் தின்பதும் அவைதான். அதே தொடைகள்தான் அடுத்து சைக்கிள் மிதிக்கப் போகின்றன. அதனால் கால் மூழ்காமல் இருக்கிற அளவுக்கு லேசாக அடித்தால் போதும். உதைத்து உதைத்து இரண்டு நிமிடம் மிச்சப்படுத்தி, சைக்கிளில் ஐந்து நிமிடத்தைத் தொலைப்பதில் லாபம் இல்லை.

தூரத்தைக் கூட்டியது எப்படி என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 25 மீட்டர் குளத்தில் 750 என்பது 30 முறை கடப்பது. எடுத்த எடுப்பில் அதை நினைக்கவே கூடாது. 25 மீட்டர், நின்று நாலு மூச்சு, மறுபடி 25. அது சலிப்பாகத் தோன்றுகிற அளவுக்கு எளிதானதும் ஐம்பது ஐம்பதாக, பிறகு நூறு நூறாக. நூறு மீட்டரை நிற்காமல், பேசுகிற நிலையில் முடிக்க வந்துவிட்டால் மீதி தானாக வரும். அதுவரைதான் கஷ்டம். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: டிரையத்லானில் எந்த நீச்சல் முறையிலும் (ஸ்ட்ரோக்) நீந்தலாம். முடியாதபோது மிதவையையோ துணைப் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், பிடித்தபடி முன்னேறக் கூடாது என்பது மட்டும்தான் விதி. பாதித் தூரத்தைத் தவளை போல நீந்துகிற பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் முடிக்கிறவர்கள் எல்லாப் போட்டியிலும் உண்டு.

குளத்தில் வந்தது கடலில் அப்படியே வராது. எங்கள் போட்டியில் நீச்சல் கடலில் என்பதால், கோவளம் பக்கம் வாராவாரம் நீந்துகிற ஒரு குழுவோடு சேர்ந்துகொண்டேன். ஒரு ஃபைபர் படகு கூடவே வரும், ஒவ்வொருவர் இடுப்பிலும் ஆரஞ்சு நிற மிதவை கட்டியிருக்கும். இந்த இரண்டும் இல்லாமல் நம் கடற்கரையில் இறங்காதீர்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களைக்கூடக் கடல் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

முதல் நாள், அடையாளத்துக்குக் கடலில் போட்டிருந்த மிதவையைக் குறிவைத்து நேராக நீந்தினேன். தலையைத் தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மிதவை வலது பக்கம் நகர்ந்திருந்தது. படகில் இருந்த அண்ணன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "மிதவையைப் பார்த்துப் போகாதம்மா. வெள்ளம் வடக்கால இழுக்குது. அதுக்குத் தெக்கால அந்தச் சின்னப் படகு நிக்குது பாரு, அதைப் பார்த்துப் போ. மிதவைகிட்ட தானா வந்துடுவ." வெள்ளம் என்று அவர் சொன்னது கடலின் நீரோட்டத்தை. அப்படியே வந்தது. கரையிலிருந்து நீந்தத் தொடங்கும் முன் இரண்டு நிமிடம் நின்று, மிதக்கிற குப்பையோ நுரையோ எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிற பழக்கம் அன்று வந்ததுதான்.

அலை உடைகிற இடத்தைக் கடப்பது தனிக் கலை. உடைந்து வருகிற அலையை நெஞ்சால் எதிர்த்து நின்றால் தள்ளிவிடும். அது எட்டுவதற்குச் சற்று முன் தலையைக் குனிந்து அடியில் நுழைந்துவிட வேண்டும், மேலே ஓடிப்போகும். அதைத் தாண்டிவிட்டால் கடல் குளத்தைவிடச் சுகம், உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். நம் கடல் கிழக்கே இருப்பதால் காலைப் போட்டியில் போகும்போது சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். வெளிர்க் கண்ணாடி உதவாது, கறுப்புச் சாயம் ஏற்றிய காகிள்ஸ் வேண்டும். ஆறு, எட்டு கைவீச்சுக்கு ஒரு முறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி தலையைத் தூக்கித் திசை பார்ப்பதைக் குளத்திலேயே பழகிவிடலாம். சில மாதங்களில் சொறி மீன் வரும். முழுக்கை உடை போட்டால் பாதித் தொல்லை தீரும்.

சைக்கிள் விஷயத்தில் கையிருப்பைக் காலி செய்யாதீர்கள். லட்சம் ரூபாய் பந்தய சைக்கிள் (ரோடு பைக்) இல்லாமல் டிரையத்லான் கிடையாது என்பது போலப் பேசுவார்கள். நான் டெக்கத்லான் கடையில் வாங்கிய சாதாரண ஹைபிரிட் சைக்கிளில்தான் போனேன். கியர் சரியாக மாற வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். உயரம் பார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது கொஞ்சம் மடங்கும், அதுதான் தேவை. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டுகிறார்கள், பிறகு முழங்கால் வலிக்கிறது என்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். அழுத்தம் காட்டுகிற கைப்பம்ப் ஒன்று வாங்குவது, புது உடைகள் வாங்குவதைவிடப் பயன்.

பயிற்சிக்கு இருக்கவே இருக்கிறது கிழக்குக் கடற்கரைச் சாலை. விடியும் முன் திருவான்மியூரில் கிளம்பினால் முட்டுக்காடு பாலம் வரை போய், போக்குவரத்து பெருகுவதற்குள் திரும்பலாம். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். நாய் துரத்தினால் வேகமாக மிதித்துத் தப்ப நினைக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் ஆர்வம் இழந்துவிடும். காற்றுக்கும் கணக்கு உண்டு. தென்காற்று வீசுகிற மாதங்களில் போகும்போது கஷ்டம், வரும்போது தள்ளிக்கொண்டு வரும். வாடைக் காற்று நாட்களில் தலைகீழ்: சுகமாகத் தெற்கே போய்விட்டு, களைத்த காலோடு காற்றை எதிர்த்துத் திரும்ப வேண்டும். அந்த நாட்களில் போகும்போதே பாதி பலத்தை எடுத்து வைத்துவிடுவேன்.

கியர் பற்றி ஒரு வார்த்தை. கனமான கியரில் அழுத்தி மிதித்தால் வேகம் வருவது போலத் தோன்றும், தொடை தீர்ந்துவிடும். லேசான கியரில், நிமிடத்துக்கு 80-லிருந்து 90 சுற்று வருகிற மாதிரி மிதித்தால் பாரம் தசையிலிருந்து மூச்சுக்கு மாறுகிறது. மூச்சு சீக்கிரம் திரும்பும், தொடை திரும்பாது. எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டாம். பதினைந்து நொடியில் வலது கால் இருபதைத் தாண்டிக் கீழே வந்தால் சரி.

பங்க்சர் ஆனால் போட்டியில் வெளியாள் உதவி வாங்கக் கூடாது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தெருமுனை சைக்கிள் கடை அண்ணனிடம் கேட்டேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். டயரைக் கழற்றுவதும் டியூப் மாற்றுவதும் பார்க்கப் பார்க்க வந்துவிடும். அவர் அழுத்திச் சொன்னது வேறு: புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவ வேண்டும். முள்ளோ கம்பித் துணுக்கோ அங்கேயே குத்திக்கொண்டிருந்தால் புது டியூப்பும் பத்தே நிமிடத்தில் போய்விடும்.

ஓட்டம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஓட்டமும் நடையுமாகக் கலந்து 5 கிலோமீட்டருக்கு வரலாம், போட்டியிலும் நடக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பழக வேண்டியது சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடுகிற ஓட்டத்தை. டிரையத்லான்காரர்கள் இதற்கு பிரிக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இறங்கி ஓடத் தொடங்கினால் கால்கள் யாரிடமோ இரவல் வாங்கியது போல இருக்கும்; தொடை கனக்கும், அடி எங்கே விழுகிறது என்றே தெரியாது. பல நிமிடமாக வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த கால் ஓட்டத்துக்கு மாற நேரம் எடுத்துக்கொள்கிறது. முதல் கிலோமீட்டருக்குள் சரியாகிவிடும், ஆனால் அது சரியாகும் என்று உடம்புக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாரம் ஒரு முறை சைக்கிள் முடிந்த கையோடு பத்து நிமிடம் ஓடினால் போதும், முழு தூரமும் ஓடத் தேவையில்லை. சைக்கிளின் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் கியரை இன்னும் இளக்கிச் சுற்றினால் இறங்கும்போது கால் கொஞ்சம் கேட்கும்.

வாரக் கணக்கு இப்படி வைத்துக்கொண்டேன்: நீச்சல் இரண்டு நாள், சைக்கிள் இரண்டு நாள், ஓட்டம் இரண்டு நாள், அதில் ஒன்று சைக்கிளோடு ஒட்டியது. மீதி நாட்கள் முழு ஓய்வு. மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கும். ஓரளவு ஓடத் தெரிந்தவருக்கு 12 வாரம் தாராளம். நீச்சல் தெரியாதவர் தண்ணீருக்கு மட்டும் தனியாகச் சில மாதம் முன்பே இறங்குவது நல்லது. பிள்ளைகளின் பரீட்சை வாரத்தில் எதையாவது விட வேண்டி வந்தபோது ஓட்டத்தைத்தான் விட்டேன், நீச்சலை விடவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் என்று ஏதாவது இருந்தால், தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்து ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

பெண்கள் என்னிடம் தனியாகக் கேட்பது உடை பற்றித்தான். போட்டியில் உடை மாற்ற அறை இருக்காது, நீந்திய உடையோடுதான் மிதித்து ஓட வேண்டும். டிரையத்லானுக்கென்றே தைத்த, விலை உயர்ந்த டிரை சூட் இல்லாவிட்டாலும் முழங்கால் வரை வருகிற நீச்சல் லெக்கிங்ஸ், உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா, மேலே ஒட்டிய முழுக்கைச் சட்டை போதும். பருத்தி மட்டும் வேண்டாம், தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டி அறுக்கும். அக்குள், தொடை இடுக்கு, பிரா பட்டை படுகிற இடம் எல்லாவற்றிலும் வாஸலின் தடவிக்கொள்ளுங்கள். போட்டித் தேதியும் மாதவிடாய்த் தேதியும் மோதினால் மென்ஸ்ட்ருவல் கப் உதவும், ஆனால் அதை இரண்டு மூன்று சுழற்சிக்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவில், சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் பொருள்களை மாற்றிக்கொள்கிற இடம் டிரான்ஸிஷன். கடிகாரம் அங்கேயும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கட்டாய விதி ஒன்று: ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன் ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்டியிருக்க வேண்டும்; திரும்பி வந்தால் சைக்கிளை வைத்த பிறகுதான் வாரைக் கழற்றலாம். சைக்கிளில் ஏறுவதும் இறங்குவதும் அந்த இடத்தின் எல்லையில் போட்டிருக்கிற கோட்டுக்கு வெளியேதான். இதை எங்கள் அடுக்குமாடியின் கார் பார்க்கிங்கில் பழகினேன். ஒரு துண்டு விரித்து, அதன் மேல் ஷூ, ஹெல்மெட், எண் கட்டிய பெல்ட். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடி வருவேன். பெரியவள் போனில் நேரம் பார்ப்பாள், சின்னவன் நடுவர். "அம்மா, வார் மாட்டல! அவுட்டு!" என்று அவன் கத்தியதில் அந்த விதி எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. ஷூவுக்கு முடிச்சுப் போடத் தேவையில்லாத எலாஸ்டிக் கயிறு, சாக்ஸுக்குள் கொஞ்சம் பவுடர்: குறைந்த செலவில் ஒரு நிமிடத்தை வாங்குகிற வழி இவைதான்.

சாப்பாட்டில் புதிதாக எதையும் போட்டி நாளில் முயல வேண்டாம். இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி, கொஞ்சம் சர்க்கரை தொட்டு, ஒரு வாழைப்பழம். சாம்பாரைத் தவிர்த்துவிடுவேன், பருப்பு வயிற்றில் கிடந்து உருளும். இளநீரை மட்டும் நம்பாதீர்கள். அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நம் வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து சைக்கிள் பாட்டிலில் வைத்தால் இந்தத் தூரத்துக்குப் போதுமானது. எவ்வளவு வியர்க்கிறது என்று அறிய, சைக்கிள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்.

போட்டியன்று கூட்டத்தின் பின்னால், ஓரமாக நின்றேன். முன்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நீந்துகிற நுரையில் நமக்கு வேலை இல்லை. பத்து நொடி தாமதமாகக் கிளம்பியதில் யாருடைய காலும் முகத்தில் படவில்லை. முனகிக்கொண்டே நீந்தினேன், தெற்கே பார்த்தே நீந்தினேன். நீச்சலில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வெகு சிலர்தான். கரையேறி சைக்கிளை எடுக்கும்போது மூச்சு இயல்பாக இருந்தது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு காற்றுக்கு மறைவாகப் போவது இந்தப் போட்டியில் தடை என்பதால் இடைவெளி விட்டு, லேசான கியரில் சுற்றிக்கொண்டே போனேன். வழியில் பளபளக்கிற கார்பன் சைக்கிள்கள் சிலவற்றைத் தாண்டினேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஓட்டத்தில் வழக்கமான கனம் வந்தது, போனது, பிறகு இன்னும் பலரைத் தாண்டினேன். நீச்சலுக்கு இருபது நிமிடத்துக்கு மேல், சைக்கிளுக்கு ஐம்பதை ஒட்டி, ஓட்டத்துக்கு முப்பத்தைந்து, மாற்றுவதற்கு ஆறேழு நிமிடம் என்று எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கீழே.

அடுத்தது ஒலிம்பிக் தூரம் என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. கடலில் 1,500 மீட்டர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், படகுக்கார அண்ணனே வர மறுத்துவிடுவார். அதனால் பொங்கல் வரை குளம்தான். அதற்குள் ஒவ்வொரு மூன்றாவது கைவீச்சுக்கும் இரு பக்கமும் மாறி மாறி மூச்சு எடுக்கப் பழகச் சொல்லியிருக்கிறார் மாஸ்டர். இடது பக்கம் இன்னும் தண்ணீரைத்தான் குடிக்கிறேன்.